ஏழாவது மாடிக்கு ஏறப்போவது யார்?

(வாரியக் குடியிருப்புகளில் பணியாற்ற முன்வந்துள்ள தொண்டர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை. ஏட்டில் வாசிப்பவர்களுக்காகச் சில இடங்களில் விரித்து எழுதப்பட்டுள்ளது.)



"வாரியக் குடியிருப்புகளில் சமுதாய மேம்பாடு" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். தலைப்பு பெரியது. நான் சொல்ல வந்தது சிறிய விஷயம். ஒரு குடும்பத்தின் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் அது குடியேறிவிட்டது என்று அதிகாரிகள் கணக்கெழுதிக் கொள்கிறார்கள். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் பழைய இடத்தில் பத்துப் பதினைந்து பதிவேடுகளில் அந்தக் குடும்பத்தின் பெயர் இருந்தது. ரேஷன் கடையில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் இருந்தது, அங்கன்வாடியில் இருந்தது, வாக்காளர் பட்டியலில் இருந்தது, முதலாளியின் கூலி நோட்டில் இருந்தது, மஹல்லாவின் சந்தாப் புத்தகத்திலும் இருந்தது. புதிய இடத்தில் ஒன்றிலும் இல்லை. அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக மீண்டும் ஏற்றுவதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை. அரிசி மூட்டையும் போர்வையும் அதற்கு அப்புறம்.

எது எந்த வாரியம்?

மக்கள் பேச்சில் இந்தக் கட்டடங்கள் எல்லாமே "ஹவுசிங் போர்டு"தான். நீங்கள் அப்படிச் சொல்லிப் பழகாதீர்கள். வீட்டுவசதி வாரியம் என்பது வேறு. அது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. குடிசைப் பகுதி மக்களுக்கென்று 1970ல் அமைக்கப்பட்டது குடிசை மாற்று வாரியம். 2021ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. பெயர் நீளமாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். மனுவில் பெறுநர் என்ற இடத்தில் பிழையில்லாமல் எழுத வேண்டிய பெயர் அது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உங்களை நம்பி வரும் மனிதரைத் தவறான அலுவலக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், அடுத்த முறை அவர் வரமாட்டார். பக்கத்து வீட்டுக்காரரையும் வரவிடமாட்டார்.

சட்டத்தையும் ஓரளவு அறிந்து கொள்ளுங்கள். 1971ல் குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம் வந்தது. ஓர் இடம் இந்தச் சட்டத்தின்கீழ் குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டால், அங்கே வசிப்பவரை உரிய அதிகாரியின் அனுமதியில்லாமல் வெளியேற்ற நடவடிக்கை எடுக்க முடியாது. சென்னையில் 1971ல் 1,202 இடங்கள் அப்படி அறிவிக்கப்பட்டன. 1985ல் இன்னும் 17 சேர்ந்தன. அதோடு அந்தப் பட்டியல் நின்றுபோனது, நகரம் நிற்கவில்லை. ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் பிறகு உருவான குடியிருப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காமலே போனது.

ஆரம்பத்தில் வாரியம் கட்டியவை பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே எழுந்த மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள். மெரினாக் கடற்கரையோரம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீடு சிறியதுதான், ஆனால் தொழில், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பள்ளிவாசல் எதுவும் மாறவில்லை. 1977ல் உலக வங்கிக் கடனோடு வேறொரு முறை வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்து, தண்ணீரும் சாலையும் கொடுத்து, வீட்டை மக்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். இன்று அந்த இடங்களெல்லாம் நகரத்தின் நடுவே இருக்கின்றன.

2000க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல், செம்மஞ்சேரியில் 6,700க்கு மேல், பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். எல்லாம் நகரின் தெற்கு விளிம்பில், ஒரே இடத்தில் குவித்துக் கட்டப்பட்டவை. கண்ணகி நகரில் முதலில் கட்டியவை 200 சதுர அடிகூட நிறையாதவை. பெரும்பாக்கத்தில் தரைத்தளமும் அதன்மேல் ஏழு மாடிகளும், மின்தூக்கியும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர மக்கள் வந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டன.

ஏறத்தாழ 25 கிலோமீட்டர்

கிரீம்ஸ் சாலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். காரில் போகிறவருக்கு அது ஒரு மணி நேரம். பெரியமேட்டுத் தோல் கிடங்கில் நாள்கூலி பார்த்தவருக்கு? விடியற்காலை மூன்று மணிக்குப் பிரியாணி அண்டாவுக்கு அடுப்பு மூட்டப் போகிற உதவியாளருக்கு? காலையில் மூன்று வீடு, மாலையில் இரண்டு வீடு என்று பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளை வளர்த்த சகோதரிக்கு? அவர்களுக்கு அந்தத் தூரம் தொழிலையே கேட்கும் தூரம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது பெரிய ஆறுதல். இதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் பேருந்துக் கட்டணம்தான் இலவசமே தவிர, போகவும் வரவும் சாலையில் கரையும் பொழுதை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

வாழ்வாதாரம் இல்லாமல் வாழ்வுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1985ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் சொன்னது. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு என்றே அது அறியப்பட்டாலும், சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கும் அதே ஆண்டில் தீர்க்கப்பட்டது. நம் மேடைகளில் இந்தத் தீர்ப்பைப் பாதி மட்டும் சொல்கிறார்கள். முழுவதும் படித்தவர்களுக்குத் தெரியும்: வெளியேற்றுவதை நீதிமன்றம் தடுத்துவிடவில்லை, முறையான அறிவிப்பும் வாய்ப்பும் கொடுக்க வேண்டும் என்றது. எனவே வெளியேற்றும் அறிவிப்பு வருகிற நாளில் நீதிமன்றம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று மக்களுக்கு வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள்.

2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகுதான் அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அருகிலேயே இடம் கொடுக்க முடியும் என்பது அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு மனித உயிர் போகும் முன்பே அதை ஒப்புக்கொண்டிருக்கலாம்.

ஒவ்வொரு பெயராக

இனி வேலைக்கு வருவோம்.

ஒரு குடியிருப்பில் வயதான அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், நீங்க குடுத்த அரிசி பத்து நாளைக்கு வரும். அரிசி வாங்குற கார்டு அங்கேயே கிடக்குது. அதை இங்கே கொண்டுவர வழி சொல்லுங்க." கார்டு அவர் கையில்தான் இருந்தது. கடை பழைய இடத்தில் இருந்தது. அதைத்தான் அப்படிச் சொன்னார். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கு மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மாதந்தோறும் பேருந்து ஏறிப் பழைய கடைக்குப் போய், பாதிப் பொருள் தீர்ந்த பிறகு போய்ச் சேர்ந்து, மீதியை வாங்கி வந்துகொண்டிருந்தார். நமது சகோதரி ஒருவர் அவரைக் கையைப் பிடித்துப் புதிய இடத்துக் கடைக்கு அழைத்துப் போய், கைரேகை வைத்து வாங்கிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை.

இருந்தாலும் அட்டையில் முகவரியை மாற்றியே ஆக வேண்டும். அட்டையைப் பார்த்துத்தான் மற்றவை எல்லாம் நடக்கின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியதே குடும்ப அட்டை அடிப்படையில்தான். முகவரி ஓரிடம், ஆள் ஓரிடம் என்று இருப்பவர்கள் ஒவ்வொரு திட்டத்திலும் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். புதிய முகவரிக்குச் சான்று என்ன? வாரியம் கொடுத்த ஒதுக்கீட்டு ஆணை. அதனால் நீங்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர் குடித்து முடித்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அலாட்மெண்ட் ஆர்டர் எங்கே இருக்கிறது?" சில வீடுகளில் அது அடகுக் கடையில் இருக்கும். சில வீடுகளில் ஒதுக்கீடு பெற்றவர் ஊருக்குள் திரும்பிப் போயிருப்பார். உள்ளே இருப்பவர் வாடகைக்கு வந்தவராக இருப்பார். முகம் சுளிக்காதீர்கள். அவர் ஏன் திரும்பிப் போனார் என்று 25 கிலோமீட்டர் கணக்கில் யோசித்துப் பாருங்கள், விடை கிடைக்கும். வாடகைக்கு இருப்பவரின் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் தேவை.

பள்ளிக்கூடம் என்றதும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 2017ல் கிரீம்ஸ் சாலைத் திடீர் நகர், 2019 டிசம்பரில் சத்தியவாணி முத்து நகர் என்று, மக்களை இடம் மாற்றியது பள்ளிகள் நடந்துகொண்டிருந்த மாதங்களில். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை புத்தகப் பையைத் தேடுமா, அடுத்த வேளைச் சோற்றைத் தேடுமா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை, டி.சி. என்று நாம் சொல்லும் மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று காரணம் காட்டி அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. வயதுச் சான்று இல்லை என்றோ, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றோ சொல்லியும் அனுப்ப முடியாது. தலைமை ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நாற்பது பேர் அமரும் வகுப்பில் தொண்ணூறு பேரை வைத்துக்கொண்டு அவரும் தவித்துக் கொண்டிருப்பார். சட்டத்தின் பெயரை மரியாதையோடு சொல்லுங்கள். பிள்ளையைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் பழைய பள்ளியிலேயே தேர்வு வரை தொடர வைப்பதுதான் நல்லது. அதற்கு மாணவர் பேருந்து அட்டையும், அதிகாலையில் பேருந்து நிறுத்தம் வரை துணைக்கு வர ஓர் ஆளும் வேண்டும். பெண் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் அந்த ஓர் ஆள் இல்லாமல்தான்.

நம் கையில் உள்ள பதிவேடு

அரசுப் பதிவேடுகளைப் பற்றி உரக்கப் பேசுகிறோம். நம் கையிலேயே ஒரு பதிவேடு இருக்கிறதே! மஹல்லாவின் சந்தாப் புத்தகம். குடும்பம் இடம் மாறியதும் முதல் மாதம் சந்தா வராது, ஆறாவது மாதம் பெயர் அடிக்கப்படும். பிறகு அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிக்காஹ் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் ஜமாஅத் கடிதம் கேட்பார்கள். பழைய ஜமாஅத், "அவர்கள் இப்போது நம் மஹல்லாவில் இல்லை" என்கும். புதிய இடத்திலோ ஜமாஅத்தே அமைந்திருக்காது. வாடகை அறையில் ஜும்ஆ நடந்துகொண்டிருக்கும். அருகிலுள்ள பழைய ஊரின் ஜமாஅத், "போர்டுக்காரர்கள்" என்று ஒரு சொல்லைச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். இந்தச் சொல்லை நம்மவர்கள் வாயிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு குடியிருப்பின் ஏழாவது மாடியில் நம் சகோதரர் ஒருவர் வஃபாத்தானார். மின்தூக்கி பழுதாகிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. சந்தூக்கைப் படிக்கட்டுத் திருப்பங்களில் வளைக்க முடியவில்லை. மய்யித்தைக் கனத்த துணியில் ஏந்தி ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். ஏந்தியவர்கள் ஆறு பேர். நம்மவர்கள் இரண்டே பேர். மற்ற நால்வரும் அதே மாடியிலும் அதற்குக் கீழே உள்ள மாடியிலும் வசிக்கும் மாற்று மதச் சகோதரர்கள். அவர்களில் ஒருவர் மீன் வியாபாரி. அன்று கடைக்கே போகவில்லை. கீழே இறக்கியாகிவிட்டது. எந்த மையவாடிக்குக் கொண்டுபோவது? பழைய மஹல்லாவுக்கும் பக்கத்து ஜமாஅத்துக்கும் தொலைபேசியில் பேசிப் பேசி இரண்டு மணி நேரம் போனது. அந்த நால்வரும் இரண்டு மணி நேரமும் உடன் நின்றார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகள் இந்த ஏட்டை வாசிக்கிறீர்கள். உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். இடம்பெயர்ந்த குடும்பத்தின் பெயரை, அது போன இடத்தில் ஜமாஅத் அமையும் வரை, சந்தா வந்தாலும் வராவிட்டாலும் புத்தகத்திலேயே வைத்திருங்கள். நிக்காஹ் கடிதமும் மையவாடி உரிமையும் அதுவரை தொடரட்டும். ஒரு தீர்மானம் போதும், ஒரு பைசாச் செலவில்லை. புதிய குடியிருப்புக்கு அருகில் உள்ள ஜமாஅத்தார், அங்கே எத்தனை குடும்பம் வந்திருக்கிறது என்று ஒரு முறையாவது போய் எண்ணிப் பாருங்கள்.

யாருடைய மின்தூக்கி?

முகாமுக்கு வந்த இளைஞர் ஒருவர் காலையில் என்னிடம் கேட்டார்: "நம்ம ஆளுங்க வீட்டுப் பட்டியல் மட்டும் எடுத்தாப் போதுமா, ஹஜ்ரத்?" நியாயமான கேள்விதான். நேரம் குறைவு, ஆள் குறைவு. ஆனால் ஒரு பிளாக்கில் மின்தூக்கி ஒன்றுதான். கழிவுநீர்க் குழாய் அடைத்தால் நம் வீடு, பிறர் வீடு என்று பார்த்து அடைப்பதில்லை. நம் பத்துக் குடும்பங்களை மட்டும் எண்ணி எழுதிக்கொண்டு வந்தால், அந்தப் பத்து வீட்டையும் அந்தப் பிளாக்கில் தனியாக நிறுத்திவிட்டு வருகிறோம் என்று பொருள். மய்யித்தை ஏந்திய நால்வரின் முகத்தை நினைத்துக்கொண்டு அந்தப் படியில் ஏறுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மணிக்கணக்கில் பயான் செய்கிறோமே, அண்டை வீடு என்றால் முதலில் எதிர்க் கதவுதான்.

திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று வாரியக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் கட்டடத்தில் 24 வீடுகள் இருந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. எப்படி? விரிசலைக் கண்டவர்கள் கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியேற்றினார்கள். யார் வீட்டில் யார் இருக்கிறார், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். எட்டு அடுக்குக் கட்டடத்தில், பல இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு ஒருவரையொருவர் அறியாமல் கிடக்கும் மக்களிடையே அந்தப் பழக்கம் தானாக வராது.

அதற்காகத்தான் குடியிருப்போர் நலச் சங்கம். "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" என்று அரசுத் திட்டம் ஒன்று 2021ல் அறிவிக்கப்பட்டது. சங்கம் அமைத்துக் குடியிருப்பவர்கள் பராமரிப்புத் தொகை திரட்டினால், அதற்கு இணையான தொகையை அரசும் தரும். மின்தூக்கி, மோட்டார், விளக்கு, துப்புரவு ஆகியவற்றை அந்தப் பணத்தில் சங்கமே பார்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் நல்ல திட்டம். நடைமுறையில், வேலை இழந்து வந்தவரிடம் மாதத் தொகை கேட்டால் அவர் எங்கிருந்து கொடுப்பார் என்ற கேள்வி எப்போதும் இருக்கும். கொடுப்பவர், கொடுக்காதவர் என்று பிளாக்கே இரண்டாகப் பிரிவதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கை மாதந்தோறும் சுவரில் ஒட்டும் சங்கங்களில் இந்தப் பிரிவு குறைவு. பூட்டி வைக்கும் சங்கங்களில் ஆறு மாதத்தில் சங்கமே இருக்காது. வாரியத்திலேயே சமுதாய வளர்ச்சிப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் அலுவலர்களை எதிரிகளாகப் பார்க்காதீர்கள். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு விரல்விட்டு எண்ணும் ஆட்களை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்கள்.

பதில் வராத மனுக்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாள் கெடு. கேள்வியைக் குட்டியாக எழுதுங்கள்: இன்ன பிளாக் மின்தூக்கியின் பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், எந்தத் தேதி வரை? அவ்வளவுதான். மனுவில் அரசியல் பேச்சு வேண்டாம். கையெழுத்து அங்கே வசிப்பவருடையதாக இருக்கட்டும், உங்களுடையதாக வேண்டாம். எந்த வாசலைத் தட்டுவது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கண்ணகி நகர் இருக்கும் பகுதி 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பெரும்பாக்கத்தில் கட்டடங்கள் எழுந்தபோது அது ஓர் ஊராட்சி. நகரத்து மக்கள் கிராம ஊராட்சியின் குப்பை வண்டியை எதிர்பார்த்து நின்ற கதை அது.

முகவரி

இளைஞர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் குடியிருப்புகளின் பெயரை எழுதத் தயங்குகிறார்கள். உறவினர் வீட்டு முகவரியை எழுதுகிறார்கள். எங்கே திருட்டு நடந்தாலும் காவல் வண்டி முதலில் இங்கே வருகிறது என்பது அவர்களின் குறை. குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை; கஞ்சாவும் உண்டு, அதை விற்கச் சிறுவர்களைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. ஆனால் பதினைந்தாயிரம் வீட்டுக்கும் ஒரே முத்திரை குத்துவது எந்த ஊர் நியாயம்? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அந்த வாரம் நாளிதழ்கள் எல்லாம் "கண்ணகி நகர் கார்த்திகா" என்றே எழுதின. விண்ணப்பத்தில் மறைக்கப்பட்ட முகவரி தலைப்புச் செய்தியில் வந்தது. திடலும், விட்டுப் போகாத ஒரு பயிற்சியாளரும் கிடைத்தால் அங்கே என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி அது. நீங்கள் எடுக்கும் பிளாக்கில் மாலை நேரப் படிப்பகம் நடத்த முடியாவிட்டாலும், ஒரு பந்தையாவது வாங்கிக் கொடுத்து, வாரம் ஒரு நாள் கூட நின்று ஆடுங்கள்.

சில கண்டிப்புகள்

யாருடைய அசல் ஆவணத்தையும் வாங்கி வராதீர்கள். நகல் மட்டும். அதுவும் என்ன வாங்கினீர்கள் என்று குறிப்பேட்டில் அவர் முன்னால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாரியக் குடியிருப்புகளில் தரகர்கள் நிறைய. அவர்களும் முதலில் உங்களைப் போலவே ஃபைலோடுதான் வந்தார்கள். தேநீருக்குக்கூடக் காசு வாங்கக் கூடாது. பட்டா வாங்கித் தருகிறேன், இன்னொரு வீடு வாங்கித் தருகிறேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். விற்பனைப் பத்திரம் என்பது தவணைப் பாக்கி தீர்ந்து, வாரியம் முடித்துக் கொடுக்க வேண்டிய விவகாரம்.

இயக்கக் கொடியும் பேனரும் வேண்டாம். பொருள் கொடுக்கும்போது படம் எடுப்பது அறவே வேண்டாம். இதில் சில பொறுப்பாளர்களுக்கு மனக்கசப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். "செய்வதைக் காட்டினால்தானே நன்கொடை வரும்?" என்கிறார்கள். வரட்டும், வராமல் போகட்டும். கையேந்தி நிற்கும் தாயின் படம் அவள் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கைபேசி கைபேசியாகச் சுற்றுவதை நீங்கள் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

பகல் பொழுதில் வீட்டில் இருப்பது பெண்கள். எனவே சகோதரிகள் இல்லாத குழு கிளம்பவே கூடாது. இரண்டு சகோதரிகள், ஒரு சகோதரர் என்பதே சரியான கணக்கு. கணவன் குடித்துவிட்டு அடிக்கும் வீடு, பணம் கட்டாததால் அறைக்குள் வந்து மிரட்டும் கந்துவட்டிக்காரன் என்று சில விஷயங்கள் மூன்றாவது மாதத்தில்தான் வெளியே வரும். அதுவும் சகோதரிகளிடம் மட்டும்தான் வரும்.

ஒரு குழு ஒரு பிளாக்கை மட்டும் எடுக்க வேண்டும். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். குறைந்தது ஓர் ஆண்டு. ஆறு பிளாக்குகளை எடுத்து மூன்று மாதத்தில் விட்டவர்களை அந்த மக்கள் ஏராளமாகப் பார்த்துவிட்டார்கள். ஓராண்டு முடியும்போது அந்த பிளாக்கில் மனு எழுதத் தெரிந்த நான்கு பெண்கள் இருக்க வேண்டும், நீங்கள் தேவைப்படக் கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டுக் கிளம்புகிறோம், இன்ஷா அல்லாஹ். முதல் நான்கு வாரம் எந்தப் பொருளும் எடுத்துவர வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா இரண்டு, குடிக்கத் தண்ணீர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்: ஒதுக்கீட்டு ஆணை, குடும்ப அட்டை, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, வேலைக்குப் போகும் ஊர், படுக்கையில் இருப்பவர். நம்மவராக இருந்தால் ஜமாஅத் பெயரும். மின்தூக்கி ஓடினாலும் அதில் ஏறாதீர்கள். படிக்கட்டில் போனால்தான் குழாய் ஒழுகுவதும் விளக்கு எரியாததும் தெரியும். ஏழாவது மாடியில் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள். கீழிருந்து தொடங்குகிறவர்கள் மூன்றாவது மாடியிலேயே களைத்துத் திரும்பிவிடுகிறார்கள்.